ஏரி வண்டலில் மணிச்சத்து எவ்வளவு? டிஏபி மூட்டையைக் குறைக்கும் முன் ஒரு கணக்கு

கோடை வந்து ஏரி, கண்மாய் வற்றத் தொடங்கினால் டிராக்டர் சத்தமும் கூடவே கேட்கத் தொடங்கிவிடும். வண்டல் அள்ளும் காலம் அது. அப்படி வண்டல் அடித்த விவசாயிகள் பலருக்கும் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: "நிலத்துக்கு இத்தனை லோடு வண்டல் போட்டாச்சு. இந்தப் போகத்துக்கு டிஏபி வாங்காமல் விட்டுவிடலாமா?"

கேள்வி நியாயமானதுதான். வண்டலில் மணிச்சத்து இருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் இருக்கும் சத்து வேறு, பயிருக்குக் கிடைக்கும் சத்து வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி தெரியாமல் டிஏபியை முழுவதும் நிறுத்தினால் மகசூல் குறையும். தெரியாமலே வழக்கம்போல மூட்டை மூட்டையாகப் போட்டால் பணம் வீணாகும். அதனால் வண்டல் அள்ளும் முன்பே இந்தக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

முதல் காரணம் டிஏபி தட்டுப்பாடு. மணிச்சத்து உரத்துக்கு நம் நாடு பெரும்பாலும் வெளிநாடுகளையே நம்பியிருக்கிறது. டிஏபியாகவும் வாங்குகிறோம். இங்கே உரம் தயாரிக்கத் தேவையான பாஸ்பேட் பாறை, பாஸ்பாரிக் அமிலம் ஆகியவற்றையும் வாங்குகிறோம். ராஜஸ்தானில் உதய்பூர் அருகே ஜாமர்கோட்ராவில் பாஸ்பேட் பாறைச் சுரங்கம் இருக்கிறது. ஆனால் நாட்டின் தேவைக்கு அது போதாது. 2021ஆம் ஆண்டு முதல் சீனா தன் பாஸ்பேட் உர ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வைத்ததிலிருந்து நெருக்கடி கூடியது. 2025 ஜூலையில், ஆண்டுக்கு 31 லட்சம் டன் டிஏபி வீதம் 5 ஆண்டுகளுக்கு வாங்க சவுதி அரேபிய நிறுவனத்துடன் இந்திய உர நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்தன. மானியத்தின் உதவியால் 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய் என்ற விலையிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. விலை ஏறவில்லை என்றாலும், விதைக்கும் நேரத்தில் கடையில் மூட்டை இருக்குமா என்ற கவலை மட்டும் ஒவ்வொரு போகத்திலும் வந்து நிற்கிறது.

இரண்டாவது காரணம், வண்டல் எடுப்பது எளிதாகியிருக்கிறது. 2017இல் ஏரி, குளங்களில் விவசாயிகள் வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளத் தமிழக அரசு அனுமதித்தது. 2024 ஜூனில் சிறு கனிம விதிகள் திருத்தப்பட்டு, வட்டாட்சியரே அனுமதி தரும் முறை வந்தது. இதற்கு இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம். ஏக்கருக்கு நன்செய் என்றால் 75 கன மீட்டர், புன்செய் என்றால் 90 கன மீட்டர் என்பது வரம்பு. நம் வழக்கப்படி 100 கன அடியை ஒரு யூனிட் என்று வைத்தால், நன்செய்க்கு 26 யூனிட்டுக்குச் சற்று மேல், புன்செய்க்கு 32 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. மண் இலவசம், வெட்டுக் கூலியும் வண்டி வாடகையும்தான் உங்கள் செலவு.

டிஏபி கிடைப்பதில்லை, வண்டல் கிடைக்கிறது. ஆகவே ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று எண்ணத் தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும்.

வண்டலுக்குள் மணிச்சத்து வந்த வழி

தழைச்சத்து காற்றில் ஆவியாகும், நீரோடு கீழே இறங்கும். மணிச்சத்து அப்படியல்ல. போட்ட இடத்திலேயே மண் துகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மண் நகர்ந்தால்தான் அதுவும் நகரும். பெருமழையில் மேல்மண் கரைந்து ஓடையில் போகும்போது, நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்ட மணிச்சத்தும் அதோடு போய் ஏரியில் படிகிறது. ஊர்ச் சாக்கடை, சோப்பு நீர், கால்நடைக் கழிவு எல்லாமும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. ஆகவே வண்டல் என்பது மேட்டு நிலங்கள் இழந்த சொத்து. அதை மீண்டும் நிலத்துக்குக் கொண்டு வருவது நல்ல காரியம்தான். ஆனால் அந்தச் சொத்து ஏரியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

மூன்று பூட்டுகள்

ஏரி மண்ணில் மணிச்சத்து பெரும்பாலும் மூன்று விதமாகக் கட்டுண்டு கிடக்கும்.

1. இரும்புப் பூட்டு. மண்ணில் இரும்புத் துரு போன்ற பொருள் கலந்திருக்கிறது. செம்மண்ணுக்கு நிறம் தருவது அதுதான். அது மணிச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

2. சுண்ணாம்புப் பூட்டு. கார அமில நிலை 7.5க்கு மேல் போகும் மண்ணிலும், சுண்ணாம்பு கலந்த மண்ணிலும், மணிச்சத்து சுண்ணாம்போடு சேர்ந்து எளிதில் கரையாத பொருளாகிவிடும்.

3. மட்குப் பூட்டு. ஏரியில் செத்து மட்கிய பாசி, இலை, தழைகளுக்குள் இருக்கும் மணிச்சத்து இது. நுண்ணுயிர்கள் மெதுவாகச் சிதைத்தால்தான் வெளியே வரும்.

இதில் இரும்புப் பூட்டுக்கு மட்டும் ஒரு தனிக் குணம் உண்டு. காற்று பட்டால் பூட்டிக்கொள்ளும், காற்று இல்லாமல் நீரில் மூழ்கினால் திறந்துகொள்ளும். சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அந்தத் துரு கரைகிறது. துரு பிடித்து வைத்திருந்த மணிச்சத்து நீரில் கலக்கிறது. 1941, 1942 ஆண்டுகளில் கிளிஃபோர்ட் மார்டிமர் என்ற ஆய்வாளர் இங்கிலாந்து ஏரிகளில் இதை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். இதைப் பார்க்க நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நடவு வயலில் காலை வைத்தால் மேலே மெல்லிய பழுப்புப் படலமும் உள்ளே கறுத்த சேறும் தெரியும். சில வயல்களில் அழுகிய முட்டை நாற்றமும் அடிக்கும். அந்தக் கறுப்புதான் காற்று தீர்ந்ததன் அடையாளம். வயல் காய்ந்து வெடித்ததும் வேர் ஓடிய வழியில் செம்பழுப்புக் கோடுகள் தெரியுமே, அது துரு திரும்பி வந்ததன் அடையாளம்.

ஏரி வற்றும்போதும் இதுவே நடக்கிறது. நீருக்கு அடியில் கறுப்பாக இருந்த சேற்றை வெட்டிக் குவித்து உலர்த்தினால், நிறம் வெளுத்துப் பழுப்பாகும். அப்போது இரும்புப் பூட்டு மறுபடி விழுந்துவிடுகிறது. நீங்கள் வண்டியில் ஏற்றி வருவது அந்தப் பூட்டிய மண்ணைத்தான்.

இருப்பும் கிடைப்பும்: ஒரு ஏக்கர் கணக்கு

எண்ணாகப் பார்த்தால் எளிதில் புரியும். இது ஓர் உதாரணக் கணக்கு. உங்கள் ஏரி மண்ணின் எண் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை இதுதான்.

நன்செய்யில் ஏக்கருக்கு 75 கன மீட்டர் வண்டல் அடிக்கிறீர்கள். ஒரு கன மீட்டர் 1.2 டன் என்று வைத்தால் மொத்தம் 90 டன். நிலம் முழுவதும் பரப்பினால் ஏறக்குறைய 2 செ.மீ. கனம் வரும்.

அந்த வண்டலில் கிலோவுக்கு 500 மில்லிகிராம் மொத்த பாஸ்பரஸ் இருப்பதாக வைப்போம். 90 டன்னில் 45 கிலோ பாஸ்பரஸ். உர மூட்டையில் எழுதும் கணக்குப்படி (பாஸ்பரஸ் எடையை 2.29ஆல் பெருக்க வேண்டும்) இது 103 கிலோ மணிச்சத்து. ஒரு மூட்டை டிஏபியில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. ஆக, ஏக்கருக்கு நாலரை மூட்டை டிஏபியில் உள்ள மணிச்சத்து மண்ணில் வந்து சேர்ந்திருக்கிறது. விலை போட்டால் 6,000 ரூபாய்க்கு மேல்!

இப்போது கிடைப்பைப் பாருங்கள். அதே வண்டலில் பயிருக்கு எட்டும் பாஸ்பரஸ் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று மண் பரிசோதனையில் வருவதாக வைப்போம். இது மோசமான எண் அல்ல. நடுத்தர அளவின் மேல் எல்லை. 90 டன்னுக்கு 0.9 கிலோ பாஸ்பரஸ்தான். அதாவது 2 கிலோ மணிச்சத்து. டிஏபி கணக்கில் நாலரை கிலோ. ஒரு மூட்டையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 50 கிலோ மணிச்சத்து. ஏக்கருக்கு 20 கிலோ. உடனடியாகக் கிடைப்பது 2 கிலோ. மீதி 18 கிலோவுக்கு என்ன செய்வது?

இருப்பது நாலரை மூட்டை, உடனே எட்டுவது நாலரை கிலோ. இதை மனதில் வைத்துக்கொண்டால் வண்டல் விஷயத்தில் ஏமாற மாட்டீர்கள். பூட்டில் உள்ளது வீணாகப் போகாது. ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். வங்கியில் போட்ட நீண்ட கால வைப்பு மாதிரி. இந்தப் போகத்துச் செலவுக்கு அதை நம்பக் கூடாது.

அப்படியானால் வண்டல் அடிப்பதில் பயன் இல்லையா? நிச்சயம் இருக்கிறது. செம்மண்ணிலும் மணற்பாங்கான மண்ணிலும் வண்டல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதில் உள்ள களியும் மட்கும் உரச்சத்தை நீரோடு ஓடாமல் தாங்கி நிறுத்தும். மழை இரண்டு வாரம் தள்ளிப்போனாலும் பயிர் தாக்குப்பிடிக்கும். வண்டல் அடிக்க முதல் காரணம் இவைதான்.

நெல்லுக்கு ஒரு கணக்கு, புன்செய்க்கு ஒரு கணக்கு

இரும்புப் பூட்டு நீரில் மூழ்கினால் திறக்கும் என்று பார்த்தோம். நெல் வயலில் நீர் கட்டினால் ஓரிரு வாரங்களில் சேற்றுக்குள் காற்று தீர்ந்து, இரும்போடு ஒட்டிய மணிச்சத்து கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும். அதனால் வண்டலில் உள்ள மணிச்சத்தை நெல் மற்றப் பயிர்களைவிட நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். ஆனாலும் நட்ட புதிதில், வேர் பிடிக்கும் பருவத்தில், இந்த உதவி முழுதாகக் கிடைக்காது. அந்த நேரத்துக்கு அடியுரம் வேண்டும்.

நிலக்கடலை, பருத்தி, மக்காச்சோளம், பயறு வகைகளுக்கு இந்த வசதி இல்லை. நிலம் காற்றோட்டமாக இருப்பதால் பூட்டு பூட்டியபடியே இருக்கும். இன்னும் ஒன்று: களி மிகுந்த வண்டலைப் புதிதாகப் போட்ட முதல் ஆண்டில், நீங்கள் போடும் உரத்தின் மணிச்சத்தையும் அந்தக் களி கொஞ்சம் பிடித்துக்கொள்ளக்கூடும். ஆகவே புன்செய்யில் வண்டல் அடித்த முதல் ஆண்டில், மண் பரிசோதனை சொல்லாமல் மணிச்சத்தைக் குறைக்காதீர்கள்.

நெல் அறுத்த தாளடியில் உளுந்து விதைப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நெல்லுக்கு நீர் கட்டியபோது திறந்த பூட்டு, வயல் காய்ந்ததும் மூடிக்கொள்கிறது. அந்த உளுந்துக்கு மண்ணில் உரமிடவும் வழியில்லை. அதனால்தான் பூக்கும் பருவத்தில் ஒரு முறையும், 15 நாள் கழித்து ஒரு முறையும் 2 சத டிஏபி கரைசலை இலைவழி தெளிக்கச் சொல்கிறார்கள். 4 கிலோ டிஏபியை முதல் நாள் மாலை 20 லிட்டர் நீரில் ஊறவைத்து, காலையில் தெளிந்த நீரை வடித்தெடுத்து, மொத்தம் 200 லிட்டராக்கி ஏக்கருக்கு மாலை வேளையில் தெளிக்கலாம். மண்ணின் பூட்டைத் தொடாமலே பயிருக்குச் சத்து சேரும்.

ஏரிக்கும் இதில் லாபம் உண்டு

ஏரியில் வண்டலோடு மணிச்சத்து தேங்கினால் பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகும். அவை செத்து அழுகும்போது நீரில் ஆக்சிஜன் தீரும். அடிச் சேற்றின் இரும்புப் பூட்டு திறந்து இன்னும் மணிச்சத்து நீரில் கலக்கும். மறுபடி பாசி வளரும். சில நாள் விடியற்காலையில் மீன்கள் செத்து மிதப்பதற்கு ஆக்சிஜன் தீர்வதும் ஒரு காரணம். வெளியிலிருந்து கழிவு வருவதை நிறுத்தினாலும் இந்தச் சுழற்சி உடனே நிற்காது.

ஸ்வீடன் நாட்டில் வெக்ஷோ நகரத்தின் ட்ரம்மன் ஏரி இதற்கு நல்ல உதாரணம். அந்த ஏரிக்குக் கழிவுநீர் போவதை 1950களின் இறுதியில் நிறுத்தினார்கள். பத்து ஆண்டு கடந்தும் ஏரி தெளியவில்லை. சேறே மணிச்சத்தை விட்டுக்கொண்டிருந்தது. பிறகு 1970, 1971 ஆண்டுகளில் மேல் சேற்றை வெட்டி எடுத்த பின்புதான் நீர் தெளிந்தது.

நீங்கள் வண்டல் எடுக்கும்போது ஏரிக்குக் கொள்ளளவு கூடுகிறது என்று மட்டும் நினைக்க வேண்டாம். பாசிக்கு உணவாகும் மணிச்சத்தும் சேர்ந்து வெளியேறுகிறது. உங்கள் வயலில் பூட்டிக் கிடக்கும் சத்து, ஏரியிலேயே இருந்தால் பாசிக்குத்தான் போகும். அதே நேரம், அடித்த வண்டல் அடுத்த மழையில் கரைந்து மறுபடி ஏரிக்கே போனால் வாடகைக் காசும் உழைப்பும் வீண். வரப்பை உயர்த்தி, சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். டிஏபியை மேலே தூவிவிடாமல் மண்ணுக்குள் விழும்படி இடுங்கள்.

எந்த வண்டல், எந்த இடத்தில்?

நீர் வரும் வாய்க்கால் முகப்பில் மணல்தான் அதிகம் படியும். சத்து அதில் குறைவு. மெல்லிய களியும் மட்கும் ஆழமான பகுதிக்குப் போய்ப் படியும். மணிச்சத்தும் அங்கேதான் அதிகம். ஆனால் கரையை ஒட்டியும் மதகை ஒட்டியும் வெட்டக் கூடாது. கரை பலவீனமாகும். அனுமதிச் சீட்டில் காட்டிய இடத்தில், காட்டிய ஆழத்துக்கு மேல் போகாமல், படிந்த வண்டலை மட்டும் சீராக எடுங்கள். அதற்குக் கீழே உள்ள இறுகிய பழைய தரையைத் தோண்டினால் சத்தும் இருக்காது, ஏரியில் நீரும் நிற்காது.

நகரத்துச் சாக்கடை, சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஏரிகளின் சேறு பார்க்கக் கறுப்பாக, வளமாகத் தெரியும். மணிச்சத்தும் அதிகமாக இருக்கலாம். ஆனால் அதில் குரோமியம், ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களும் உப்பும் இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு முறை நிலத்தில் கலந்துவிட்டால் அவற்றைத் திரும்ப எடுக்க முடியாது. அந்த வண்டலைப் பரிசோதிக்காமல் தொடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. வண்டல் அள்ளும் முன் ஏரியின் நாலைந்து இடங்களில் மாதிரி எடுத்துக் கலந்து, அதில் அரை கிலோவை நிழலில் உலர்த்தி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உங்கள் வயல் மண்ணையும் தனியாகக் கொடுங்கள். கார அமில நிலை, உப்பு நிலை, மட்கு, மணிச்சத்து நான்கையும் கேட்டு வாங்குங்கள். உப்பு கூடுதலாக இருந்தால் அந்த வண்டல் வேண்டாம்.

2. மண்வள அட்டையில் "கிடைக்கும் பாஸ்பரஸ்" என்ற எண்ணைப் பாருங்கள். ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம், 22க்கு மேல் அதிகம். குறைவு என்றால் பரிந்துரையைவிடக் கால் பங்கு கூட்டுங்கள். நடுத்தரம் என்றால் பரிந்துரைத்த அளவு. அதிகம் என்றால் கால் பங்கு தைரியமாகக் குறைக்கலாம். ஆண்டுக்கணக்கில் டிஏபி போட்டு வந்த பல வயல்கள் இந்த "அதிகம்" என்ற பிரிவில்தான் இருக்கும். உங்களுக்குச் செலவு மிச்சமாவது அங்கேதான், வண்டலால் அல்ல.

3. வண்டலைக் குவியலாக விடாமல் பரப்பி, கோடை வெயிலில் காயவிட்டு, கட்டி உடைந்த பிறகு உழுது கலக்குங்கள். கூடவே தொழு உரம் அல்லது பசுந்தாள் உரம் கட்டாயம் சேருங்கள். அவை மட்கும்போது வரும் அமிலங்கள் பூட்டைத் தளர்த்தும்.

4. பாஸ்போபாக்டீரியாவைத் தொழு உரத்தில் கலந்து இடுங்கள். புன்செய்ப் பயிர்களுக்கு வேம் என்னும் வேர்ப்பூஞ்சாணமும் நல்லது. வேர் எட்டாத இடத்து மணிச்சத்தை அது எட்டி எடுத்து வரும்.

5. மானாவாரி நிலத்துக்கு ஏக்கருக்கு 300 கிலோ தொழு உரத்தில் பரிந்துரைத்த சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, ஈரத்தோடு ஒரு மாதம் மூடி வைத்து, ஊட்டமேற்றிய தொழு உரமாக இடலாம். மண் பூட்டிக்கொள்ளும் அளவு குறையும்.

6. டிஏபி கிடைக்கவில்லை என்றால் காத்திருந்து விதைப்பைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு மூட்டை டிஏபிக்குப் பதில் 3 மூட்டை சூப்பர் பாஸ்பேட்டும் 20 கிலோ யூரியாவும் இட்டால் அதே அளவு மணிச்சத்தும் தழைச்சத்தும் கிடைத்துவிடும். சூப்பரில் உள்ள கந்தகம் நிலக்கடலைக்கும் பயறுக்கும் கூடுதல் பலன்.

7. துத்தநாக சல்பேட்டை டிஏபியுடனோ சூப்பருடனோ கலந்து இடாதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பயிருக்குக் கிடைக்காமல் போகும். மணலுடன் கலந்து தனியாகத் தூவுங்கள்.

8. வண்டல் அடித்த நிலத்தில் ஒரு மூலையை மட்டும், 5 சென்ட் அளவுக்கு, மணிச்சத்து உரம் இல்லாமல் விட்டுப் பாருங்கள். மற்றவை எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். அறுவடையில் தனியாக எடை போடுங்கள். மூன்று போகம் இப்படிப் பார்த்தால், உங்கள் ஏரி வண்டல் எத்தனை வேகத்தில் பூட்டைத் திறக்கிறது என்று உங்கள் நிலமே காட்டிவிடும். இரண்டு பக்கமும் ஒரே எடை வந்தால் மறுபோகம் மண்ணைப் பரிசோதித்துவிட்டு மூட்டையைக் குறையுங்கள்.

வண்டலுக்கான விண்ணப்பத்தை ஏரி முழுவதும் வற்றும் வரை தள்ளிப் போட வேண்டாம். மண் பரிசோதனை முடிவு வரச் சில நாட்கள் ஆகும். நிலம் காலியாக இருக்கும்போதே இரண்டையும் முடித்து வைத்தால், முதல் உழவு மழைக்கு வண்டலும் நிலத்தில் இருக்கும், எத்தனை மூட்டை வாங்குவது என்ற கணக்கும் கையில் இருக்கும்.